அந்தப் பக்கத்துத் தாழ்ப்பாள்

மார்ச் 4

அவன் அறிவான்.

என் வாயாடிக்கு,

அம்மா போனை எடுக்கவில்லையே என்று தவித்துக்கொண்டிருப்பாய். போன் கெட்டுப்போகவில்லை. அணைத்து, பழைய துணியில் சுற்றி, பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். இனி உன்னிடம் சொல்ல வேண்டியதெல்லாம் தாளில்தான். உன் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். பிழை இருந்தால் சிரிக்காதே.

நேற்றுச் சாயங்காலம் மேல்வீட்டில் நர்ஸுக்குப் படிக்கிற பெண் வந்தாள். பரீட்சை சமயம் என்றால் கீழே வந்து விளக்குக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுப் போவாளே, அவள்தான். கும்பிட்ட பிறகும் போகவில்லை. சமையலறை வாசலில் நின்று, "ஆன்ட்டி, இடது பக்கம் வலி இருக்கா? கையை நல்லாத் தூக்க முடியுதா?" என்று கேட்டாள். கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது.

என் மார்பில் கட்டி இருப்பது உன் அப்பாவுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். திரையில் பார்த்த டாக்டரம்மாவுக்குத் தெரியும். உனக்குத் தெரியும். ஆண்டவனுக்குத் தெரியும், அவன் யாரிடமும் போய்ச் சொல்கிறவன் இல்லை. மீதி யார், நீயே சொல்.

இங்கே ஊசி போடுகிறவரைத் தவிர வைத்தியத்துக்கு ஆள் இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் போக வேண்டும், வீட்டில் இருந்தபடியே டாக்டரைப் பார்க்கலாம் என்று நீதான் ஏற்பாடு செய்தாய். நானும் நம்பினேன். நம் வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறை சாமி அறை ஒன்றுதான். அதில் போய் உட்கார்ந்து, தாழ்ப்பாளைப் போட்டு, இழுத்துப் பார்த்து, விளக்குக்கு முதுகைக் காட்டுவதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் போனைத் திறந்தேன். டாக்டரம்மா நல்ல மாதிரி. "வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்கம்மா, கையைத் தூக்குங்க" என்று பதமாகச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வெளிச்சத்தில் நான் அப்படி உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன். தாழ்ப்பாள் இருக்கிறதே என்ற தைரியம்.

ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், தள்ளிப் போட வேண்டாம், எங்கே எப்போது என்று வியாழக்கிழமை பேசலாம் என்றார். நான் பேசப் போவதில்லை. ஊருக்கெல்லாம் சொல்லி முடித்த பிறகு என்ன வைத்தியம்?

அம்மா


மார்ச் 11

அம்மாவுக்கு,

உன் கடிதத்தை வேலைக்குப் போகிற வழியில் நின்றே படித்தேன். சரக்கு அனுப்புகிற கம்பெனியில் இருந்துகொண்டு சொல்கிறேன், கடிதம் இவ்வளவு மெதுவாக வருமென்று எனக்கு மறந்தே போயிருந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த நர்ஸ் பெண்ணின் போன் நம்பர்கூட என்னிடம் இல்லை. சின்ன வயதில் நான் பொய் சொன்னால் உனக்கு என் காதைப் பார்த்தே தெரிந்துவிடும். காதைத் தாளில் ஒட்டி அனுப்ப முடியாது. ஆனால் இது பொய் இல்லை. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவளையே கேள்.

வியாழக்கிழமை டாக்டர் திரையில் காத்திருந்துவிட்டுப் போனாராம். எனக்குத்தான் தகவல் வந்தது. கடை போனில் அப்பாவைப் பிடித்தேன். "உங்கம்மாவா? யார் மேலயோ கோபம், பாத்திரம் விழற சத்தத்துலயே தெரியுது. என் மேல இல்லைன்னு நினைக்கறேன்" என்று சிரித்தார். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. நீ வாங்கிய சத்தியம் என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

தள்ளிப் போட வேண்டாம் என்று டாக்டர் சொன்னது சும்மா இல்லை. தயவுசெய்து போனை வெளியே எடு.

உன் மகள்


மார்ச் 18

அவன் அறிவான். அவன் மட்டும் அறிந்தால் போதும் என்று இருந்தேன்.

வாயாடிக்கு,

உன்னைச் சந்தேகப்பட்டேன். நீ சொல்லவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மேல்வீட்டுப் பெண்ணை உட்கார வைத்துக் கேட்டேன். "யார் சொன்னா உனக்கு?" என்றதும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"யாரும் சொல்லலை ஆன்ட்டி. பாத்தேன்."

"எதை?"

"உங்களை. கிளாஸ்ல."

அவள் படிப்பது பக்கத்து ஊரில் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்காரர்களே நடத்துகிற நர்ஸிங் பள்ளியாம். சுவரளவு திரையில் ஒரு வீடியோ போட்டார்களாம். முகத்துக்குக் கறுப்புப் பட்டை. கழுத்துக்குக் கீழே நான். அவளுக்கு என் உடம்பு தெரியாது, ஆனால் பின்னால் சாமி மாடத்தில் தொங்குகிற திரைச்சீலை தெரியும். உன் பள்ளிக்கூடச் சீருடையை வெட்டித் தைத்தது. நீ கொட்டிய மைக்கறையை மறைக்க அதில் நான் ஒரு மஞ்சள் பூப் போட்டேனே. அத்தனை கோணலாக உலகத்தில் வேறு யாரும் பூத் தைத்திருக்க மாட்டார்கள்.

"இந்த இடத்துல தோல் எப்படி உள்ள இழுக்குது, கவனிங்க" என்று வாத்தியார் குச்சியால் தொட்டுக் காட்டினாராம். ஆண்பிள்ளைகளும் இருந்தார்களாம். பின்பக்கம் யாரோ சிரித்தார்களாம். "அது வேற எதுக்கோ ஆன்ட்டி, சத்தியமா" என்கிறாள். வேறு எதற்கோவாகவே இருக்கட்டும்.

பாவம், நல்ல பெண். சொல்லாமல் இருந்தால் துரோகம், சொன்னால் எனக்கு அவமானம் என்று மூன்று நான்கு நாள் சாப்பிடவில்லையாம். அவளுக்குச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினேன். அவள் போன பிறகு சாமி அறைக்குப் போனேன். கும்பிட வரவில்லை. அங்கே யார் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

படத்துக்குக் கீழே, நோயாளியின் சம்மதத்துடன் எடுக்கப்பட்டது என்று எழுதியிருந்ததாம். பால்காரர் நீட்டுகிற அட்டையில்கூட வாசிக்காமல் கையெழுத்துப் போடாதவள் நான். "பேசலாமாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார். "சரிங்கம்மா" என்றேன். அந்தச் சரியில் இதெல்லாம் அடங்குமா? நீ படித்தவள். இந்தச் சம்மதத்தை யார் கொடுத்தது என்று கேட்டு எழுது.

அம்மா


மார்ச் 26

அம்மா,

யாரையும் கேட்க வேண்டியதில்லை. நான்தான்.

முன்பதிவை என் போனில்தான் செய்தேன். சாப்பாட்டு நேரம், ஒரு கையில் டப்பா. கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். எல்லாக் கட்டத்தையும் தொட்டால்தான் டாக்டர் கிடைப்பார் என்று நினைத்துத் தொட்டுக்கொண்டே போனேன். யாருமே அதையெல்லாம் வாசிப்பதில்லை அம்மா. எங்கள் ஆபீஸில் ஒரு நாளைக்கு எத்தனை முறை அப்படித் தொடுகிறோம் என்று எங்களுக்கே தெரியாது.

நேற்று உட்கார்ந்து வாசித்தேன். காட்சிகளைப் பதிவு செய்யலாமா, கற்பிக்கப் பயன்படுத்தலாமா என்று ஒரு கட்டம். அதைத் தொட்டே ஆக வேண்டும் என்று இல்லை. விட்டிருந்தாலும் டாக்டர் கிடைத்திருப்பார். கடைசியில் இன்னொன்று: "மேலே உள்ளவற்றை நோயாளிக்குப் புரியும்படி வாசித்துக் காட்டினேன்." அதையும் தொட்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் பேசினேன். ஓர் ஆள் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், சம்மதம் உங்க நம்பர்லேருந்துதான் வந்திருக்கு."

"நான் நோயாளி இல்லையே. அவங்க பொண்ணு."

"புரியுது மேடம். வாபஸ் வாங்கணும்னா பேஷன்ட்தான் வந்து சொல்லணும். உங்க மூலமா எடுத்துக்க முடியாது."

"கொடுக்கும்போது என் மூலமா எடுத்துக்கிட்டீங்களே?"

யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். பிறகு, "அவங்க நேர்ல வர வேண்டாம் மேடம், வீடியோல வந்தாப் போதும். ஆனா முகம் தெரியணும்" என்றார்.

அம்மா, நீ என்னைத் திட்டு. ஆனால் ஒரே ஒரு தரம் போனை எடுத்து அவர்களிடம் முகத்தைக் காட்டிச் சொல்லிவிடு. அப்படியே டாக்டரிடமும் பேசிவிடு.

உன் மகள்


ஏப்ரல் 3

வாயாடிக்கு,

சாத்துகிற கதவை முதலில் அகலத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். எடுக்கும்போது முகத்தை மூடினார்கள், திருப்பிக் கேட்டால் முகம் வேண்டுமாம். நல்ல நியாயம்.

உன்னைத் திட்டப் போவதில்லை. திட்டினால் உனக்குப் பாரம் இறங்கிவிடும். எழுதக் கற்றுக்கொள்ள நான் எவ்வளவு பாடுபட்டேன் என்று உனக்குத் தெரியும். கடையில் கட்டிவந்த காகிதத்தையெல்லாம் பிரித்து வைத்து வாசிப்பேன். வாசிக்கத் தெரிந்த நீ வாசிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஒன்று சொல்கிறேன், நீ நம்ப மாட்டாய். என்னைக் கேட்டிருந்தால் நான் சரி என்றே சொல்லியிருப்பேன். வெட்கமாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் அந்தப் பிள்ளைகள் நாளைக்கு யாரோ ஒரு பெண்ணின் கட்டியைச் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள் என்று சொல்லியிருந்தால், விளக்கைக் கும்பிட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றிருப்பேன். உடம்பு அவன் என்னிடம் கொடுத்து வைத்தது. கொடுத்தவன் பெயரைச் சொல்லி நான் கொடுத்தால் அது தர்மம். கேட்காமல் எடுத்துக்கொண்டு போனால் அதற்குப் பெயர் வேறு.

அக்குளில் இப்போது ஒரு நெல்லிக்காய் மாதிரி. வலி இல்லை. வாளி தூக்கும்போது மட்டும் சுருக்கென்கிறது. வலது கைக்கு மாற்றிக்கொண்டேன்.

போனை எடுக்க மாட்டேன். அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் என்று தெரியாத வரைக்கும் மாட்டேன்.

அம்மா


ஏப்ரல் 10

அம்மா,

அக்குளில் நெல்லிக்காய் என்று என்னவோ காய்கறிக்கடைக்குப் போய் வந்த மாதிரி எழுதுகிறாய்! அது என்னவென்று உனக்குத் தெரியுமா, தெரியாத மாதிரி இருக்கிறாயா?

தப்பு என்னுடையது. ஒத்துக்கொண்டேன். அதற்காக நீ செத்துக் காட்டுவாயா? போன படம் போனதுதான். போனதை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கையில் இருக்கிறதைக் கைவிடுகிறாய். உன் மானம் உனக்குப் பெரிதாக இருக்கலாம், எனக்கு அம்மா வேண்டும். லீவு கேட்டேன், கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் வந்து தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருப்பேன்.

இன்று காலையில் கடைக்குப் போன் செய்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சத்தியத்தை உடைத்தேன். கோபப்படு. உயிரோடு இருந்து கோபப்படு.

உன் மகள்


ஏப்ரல் 27

அவன் அறிவான்.

வாயாடிக்கு,

மறுபடியும் நீ கேட்கவில்லை. அப்பாவிடம் நானே சொல்லத்தான் நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அதையும் நீ எடுத்துக்கொண்டாய்.

அன்றைக்கு மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு வந்தார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து, என் கையிலிருந்த வாளியை வாங்கி வைத்தார். சாயங்காலம்வரை அந்த வாளிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இருட்டுகிற நேரத்தில், "நான் என்னடி தப்புப் பண்ணேன், என்கிட்ட சொல்லாம இருக்க?" என்றார். நான் எழுந்து பெட்டிப் பக்கம் போனேன்.

அவருக்காகப் போனை எடுத்தேன். உனக்காக இல்லை என்று எழுத நினைத்தேன். எழுத முடியவில்லை.

முதலில் சாமி மாடத்துத் திரைச்சீலையைக் கழற்றினேன். படங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அப்பா கதவுக்கு வெளியே காவலுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். டாக்டரம்மா வந்தார். "எங்கம்மா போயிட்டீங்க, எவ்வளவு தேடினேன்" என்றார்.

நான், "அம்மா, என் கதவைச் சாத்திட்டேன். உங்க பக்கத்துக் கதவையும் சாத்துங்க. தாழ்ப்பாள் போடற சத்தம் எனக்குக் கேக்கணும்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்புறம் அவரும் நிறுத்திவிட்டார். தலையைத் திருப்பி யாரிடமோ, "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியே இருங்க" என்றார். பார்த்தாயா? அப்போதும் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். நாற்காலி நகர்கிற சத்தம், செருப்புச் சத்தம். அவர் எழுந்து போனார். தாழ்ப்பாள் விழுந்தது கேட்டது.

வகுப்பில் படம் காட்டியதைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அந்த வீடியோ எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாதாம். சம்மதம் என்று இருந்தால் தானாகவே போய்விடுமாம். "உங்ககிட்ட நானே கேட்டிருக்கணும். கேட்டாச்சுன்னு எழுதியிருந்ததை நம்பிட்டேன்" என்றார். பிறகு அந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். புரியாத இடத்தில் நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார். பதிவு வேண்டாம் என்றேன். சரி என்றார். படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்பது வந்தது.

வேண்டாம் என்றேன்.

சரி என்றிருப்பேன் என்று உனக்கு எழுதியவள்தான். ஆனால் என் வேண்டாம் எங்கேயாவது நிற்கிறதா என்று ஒரு தரம் பார்க்க வேண்டும் போல இருந்தது. "சரிம்மா, வேண்டாம்னு போட்டாச்சு" என்றார். அவ்வளவுதான். என்ன காரணம் என்று கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். அடுத்த திங்கட்கிழமையே கிளம்பி வரச் சொன்னார். உனக்கு லீவு கிடைத்தால் நீயும் ஆஸ்பத்திரி ஊர்ப் பஸ் நிலையத்துக்கு வா.

அம்மா


மே 22

அம்மா,

ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பி வந்து இது முதல் கடிதம். இப்போது நீ போன் எடுக்கிறாய், இருந்தாலும் இதை வாயால் சொல்ல முடியவில்லை.

எலும்பில் இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, நீ ஊசி போட்டுக்கொள்ளப் போயிருந்தபோது, நான் அவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "மார்ச் மாசமே வந்திருந்தா?" அவர் என்னைச் சும்மா தேற்றவில்லை. "அப்பவே பரவியிருக்கலாம். பரவாமலும் இருந்திருக்கலாம். அதை இனிமே யாராலயும் சொல்ல முடியாது" என்றார்.

இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்துவிட்டது. அவர்களிடம் இருந்த வீடியோவை அழித்துவிட்டார்களாம். வகுப்புகளுக்கு ஏற்கெனவே போன பிரதிகளுக்குத் தாங்கள் பொறுப்பில்லையாம். வருந்துகிறோம் என்று முடித்திருக்கிறார்கள். இந்த முறை கடைசி வரிவரை வாசித்தேன்.

டாக்டர் கொடுத்த மருந்தை மட்டும் நிறுத்தாதே. வாந்தி வந்தாலும் நிறுத்தாதே. இது கெஞ்சல்.

உன் மகள்


ஆகஸ்ட் 9

அவன் அறிவான்.

என் வாயாடிக்கு,

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. இடது கையோடு சேர்ந்து வலது கையும் இப்போது பேச்சுக் கேட்பதில்லை. நான் சொல்லச் சொல்ல மேல்வீட்டுப் பெண் எழுதுகிறாள். அவள் பரீட்சையில் தேறிவிட்டாள். நம் வீட்டு விளக்குக்கு இன்னும் மவுசு இருக்கிறது.

மருந்தை நிறுத்திவிட்டேன். நீ கெஞ்சினாய் என்பதற்காகச் சில மாதம் எடுத்துக்கொண்டேன். இனி அது கட்டியைவிட என்னைத்தான் கரைக்கிறது. டாக்டரம்மாவிடம் கேட்டேன். எடுத்தால் என்ன, விட்டால் என்ன என்று இரண்டையும் மறைக்காமல் சொன்னார். யோசித்துத்தான் சொன்னேன். இதில் உனக்கு வருத்தம் இருக்கும். இருக்கட்டும். இது நான் தொட்ட கட்டம்.

அப்பா இப்போது சமைக்கிறார். உப்பைப் பற்றி ஏதும் சொல்லாமல் சாப்பிடுகிறேன். நோயாளிக்கு இருக்கிற உரிமைகளில் அது மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டுக் கணக்கையும் அவரே எழுதுகிறார். ஒன்றும் நேராக இல்லை.

திரைச்சீலையை மறுபடியும் மாட்டச் சொல்லிவிட்டேன். மஞ்சள் பூ அப்படியே இருக்கிறது.

டாக்டரம்மா ஒரு விஷயம் கேட்டார். நான் பேச முடியாமல் கிடந்தால் என் சார்பில் யார் சொல்வது என்று. குழாய் வைப்பதா வேண்டாமா, ஆஸ்பத்திரியா வீடா, எல்லாம் திரையில் ஒரு கட்டமாகத்தான் வருமாம். அப்பாவால் முடியாது, வாளிப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். உன் பெயரைச் சொன்னேன்.

"யோசிச்சுச் சொல்றீங்களா? போன தடவை அவங்கதான..." என்று டாக்டரம்மா இழுத்தார்.

"அதனாலதான்" என்றேன். "இனிமே அவ ஒரு வரியை விட மாட்டா."

எனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். குழாய் வேண்டாம். வீடு வேண்டும். வலிக்கு ஏதாவது கொடுக்கட்டும். சாமி அறையில் படுக்கை போடச் சொல், கதவைத் திறந்து வை, அப்பா வர வேண்டும். இதற்கு மாறாக உனக்குத் தோன்றும். என்னைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தோன்றும். அப்போது இந்தக் கடிதத்தை எடு. சத்தமாக வாசி. முழுவதும் வாசித்த பிறகு தொடு.

எழுதி முடித்ததை இவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். ஓரிடத்தில், 'நீ கெஞ்சினாய்' என்பதை 'நீ ஆசைப்பட்டாய்' என்று எனக்குத் தெரியாமல் மாற்றிவிட்டிருந்தாள், உன் மனசு நோகும் என்று. திருப்பி மாற்றச் சொன்னேன். மாற்றினாள். இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். கோணலாக இருந்தாலும் கீழே இருப்பது என்னுடையது.

அம்மா